சென்மராசியும் எழுத்து வன்மையும்

(சைவ ஆசிரியர்க்கு ஓர் ஆராய்ச்சி)

சோதிடம் நம் முன்னோராற் பன்னெடுங்காலம் போற்றிப் பயிலப்பட்ட நூலாம். ஈழநாட்டில் எழுந்து இன்று நமக்குக் கிடைக்கும் பழைய தமிழ்நூல்களுள் ஒன்றாகிய சரசோதிமாலை, கி. பி. 1310இல் தம்பதெனியா அரசவைக்கண் போசராச பண்டிதரால் இயற்றப்பட்டது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தெழுந்த செகராசசேகரமாலையும் சோதிடப் பொருளதே. ஆதலின் அந்நூலை இகழ்தல் நமது கருத்தன்று.

ஆயினும், ஒரு பிள்ளையின் சென்மராசியை மாத்திரம் கொண்டு, 'இவன் எழுத்து வல்லவனாவான். இவனுக்கு அது வாராது' என வரையறுக்கும் வழக்கம் நம்மவரிடத்து உண்டு. "சாதகத்தில் வித்தை இல்லை" என்னுஞ் சொல்லைப் பலகாற் கேட்ட பிள்ளை எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றது. அச்சொல்லை உபாத்தியாயரும் ஏற்பாராயின், அப்பிள்ளைக்கு வேறு புகல் யாது? ஆதலின் இது நம்மால் ஆராயப்படுவதாயிற்று.

முதற்கண் சோதிட நூலார் கூற்றை நோக்குவாம். புதன் வித்தியாகாரகன். இலக்கினத்துக்கு இரண்டாமிடம் வாக்குத்தானம். புதனுக்கு ஆட்சிவீடு மிதுனமுங் கன்னியுமாம். இவைபற்றியே, மிதுனராசியார் சொல்வளமும் கன்னிராசியார் பிழைதேர்ந்து திருத்தும் நுண்மையும் உடையரெனப் பொதுப்பலன் கூறுவர். இனி, சந்திரன் ஓரிராசியில் நிற்குங் காலம் ஏறக்குறைய இரண்டேகால் நாள். அக்காலத்திற் பிறந்தார் அனைவர்க்கும் சென்மராசி ஒன்றே. 36 மாணாக்கருள்ள வகுப்பில், ஒப்பப் பகுப்பின், இராசி ஒன்றுக்கு மூவர் ஆவர். ஓரிராசியினராகிய மூவர் எழுதிய கட்டுரைகளை ஒருங்குவைத்து நோக்கும் ஆசிரியர், அவற்றின் வேற்றுமையைத் தாமே காண்பர். இலக்கினமும் கிரகநிலையும் தசாபுத்தியும் ஆராயாது இராசி ஒன்றானே முடிவு கூறுதல் சோதிட நூன்முறைக்கும் ஒவ்வாது.

மேனாட்டுப் பத்திரிகைகள் வெளியிடும் இராசிபலனோ, சந்திரனையன்றிச் சூரியன் நின்ற இராசியைப் பற்றியது. 1930இல் இலண்டன்மாநகர்ப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த சோதிடக் கட்டுரையின் பின்னரே அவ்வழக்கம் பெரிதும் பரவிற்று. அவர்தம் இராசிச்சக்கரம் நமதினின்றும் ஏறக்குறைய 24 பாகை வேறுபட்டது. ஏப்பிரல் மாதம் 1ஆந் திகதி பிறந்த பிள்ளைக்கு, அவர் கணக்கிற் சூரியன் மேஷத்தில் நிற்ப, நம் கணக்கில் மீனத்தில் நிற்பன். ஒரு பிள்ளைக்கே இருவேறு குணங் கூறப்படின், எதனைக் கொண்டு எழுத்தாற்றலை அளப்பது?

"அங்ஙனமாயின், இராசிபலன் படிப்போர் பலர் அது தமக்கு முற்றும் பொருந்துகின்றது என்பது என்னை?" எனின், கூறுதும். 1948இல் அமெரிக்க நாட்டு உளநூலாராகிய போரர் என்பார், தம் மாணாக்கர் 39 பேர்க்கும் குணவிவரணம் எழுதிய தாள் ஒவ்வொன்று கொடுத்து, அது தமக்கு எத்துணைப் பொருந்துமென ஐந்தளவில் மதிப்பிடுமாறு பணித்தனர். சராசரி மதிப்பு நாலுக்கு மேற்பட்டது. பின்னரே, எல்லாத் தாளிலும் எழுதப்பட்டது ஒன்றே என்பதும், அதன் வாசகங்களிற் பெரும்பாலன கடையில் விற்கும் சோதிடப் புத்தகம் ஒன்றினின்றும் எடுக்கப்பட்டன என்பதும் வெளிப்படுத்தினர். யாவர்க்கும் பொதுவாகிய சொல்லை ஒவ்வொருவரும் தமக்கே உரியதாகக் கொண்டனர். 1985இல் கார்ல்சன் என்பார் வேறொரு சோதனையை வெளியிட்டனர். அதன்கண் மேனாட்டுச் சோதிடர், ஒருவருடைய சாதகத்துக்குரிய குணவிவரணத்தை மூன்றனுள் தேர்ந்தெடுக்க முயன்று, ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே சரியாகக் கண்டனர். கண்ணைமூடி எடுப்பினும் அவ்வளவே வரும்.

இனிச் சைவசித்தாந்தம் கூறுவது யாதெனின், கன்மம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்று. கோள்கள் தாமே பயன் தருவன அல்ல. வினைப்பயனை உயிர்க்கு ஊட்டுவோன் சிவபெருமான் ஒருவனே. பிராரத்தம் இப்பிறப்பில் நுகரப்படுவது; ஆகாமியம் இப்பிறப்பிற் செய்யப்படுவது. சாதகம் பிராரத்தத்தைக் காட்டும் குறிப்பெனக் கொள்ளினும், ஒரு பிள்ளை இன்று கற்கும் பாடமும், நாளை எழுதும் கட்டுரையும் அதன்கண் எழுதப்பட்டு முடிந்தன அல்ல. செய்தற்குரிய முயற்சி எஞ்சியே நிற்கின்றது.

இதற்கு நம் சமயாசாரியர் வரலாறே சான்றாம். ஆளுடைய பிள்ளையார் திருமறைக்காட்டினின்றும் மதுரைக்கு எழுந்தருளப் புகுந்தபொழுது, கோள்நிலை நன்றன்று என அப்பர் சுவாமிகள் தடுத்தனர். பிள்ளையார் கோள்கள் இல்லையென்று கூறினாரல்லர். சிவனடியார்க்கு அவையெல்லாம் நல்லனவே எனத் துணிந்து, பதினொரு பாடல் கொண்ட கோளறு பதிகத்தை அருளிச்செய்து சென்றனர். கோள்நிலை பொல்லாதென்ற அந்நாளே அப்பதிகம் பிறந்த நாளாயிற்று.

இளங்கோவடிகள் வரலாறும் ஈண்டுக் கருதத்தக்கது. தமையனிருக்கத் தம்பிக்கே அரசுரிமை உண்டென நிமித்திகன் கூறினமையால், அவர் அச்சொல் நில்லாவாறு துறவு பூண்டனரென்பது சிலப்பதிகாரத்து வரந்தரு காதையால் அறியப்படுகின்றது. குறிகூறுவோன் கண்டது முடிமன்னனை. தமிழுலகம் பெற்றது காப்பியப் புலவரை.

நம் காலத்துக்கு அணித்தாக வந்தால், ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் நல்லூரிற் பிறந்தனர். அவ்விராசியிலும் அந்நட்சத்திரத்திலும் பிறந்தார் உலகத்துப் பலர். அவருள் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தவரும், பெரியபுராணத்தை வசனமாக்கியவரும், சிறார்க்குப் பாலபாடங்கள் எழுதியவரும் அவரொருவரே. 57 வயது நிரம்பாமுன் 1879இற் சிவபதம் எய்திய அவர் செய்தன எல்லாம் உழைப்பின் பயன்.

மற்றொன்றும் நோக்குக. சித்திரைச் சதயம் அப்பர்க்கும், வைகாசி மூலம் சம்பந்தர்க்கும், ஆடிச் சோதி சுந்தரர்க்கும், ஆனி மகம் மாணிக்கவாசகர்க்கும், கார்த்திகை மகம் நாவலர்க்கும் குருபூசைத் தினங்கள். இவையனைத்தும் அவர்கள் சிவனடி சேர்ந்த நட்சத்திரங்களேயன்றிப் பிறந்த நட்சத்திரங்கள் அல்ல. ஒருவன் எந்நாளிற் பிறந்தான் என்பதினும், எவ்வாறு வாழ்ந்து நிறைந்தான் என்பதனையே நம் சமயம் பெரிதாகக் கொண்டது.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கன சில கூறுவாம். ஒரு மாணாக்கனது எழுத்தைத் திருத்தும்பொழுது அவன் சாதகத்தைக் கேளாது அவன் தாளை நோக்குக. வாரந்தோறும் ஒரு கட்டுரையேனும் எழுதுவித்து, பிழைகளைக் குறித்து, மீண்டும் எழுதப் பணிக்க. மூன்று மாதத்தின் முன் எழுதியதனையும் இன்று எழுதியதனையும் அவன் கையிற் கொடுத்து, வேற்றுமையை அவனே காணச் செய்க. "சாதகத்தில் வித்தை இல்லை" எனப் பெற்றோர் கூறின், அவரை இகழாது, அவ்விரு தாள்களையும் அவர்முன் வைக்க. போரர் செய்த சோதனையை மேல்வகுப்பில் தாமே செய்து காட்டுதலும் நன்றாம்.

நல்ல வேளை பார்த்து ஏடு தொடக்குதல் நம் வழக்கம்; அது நிற்க. தொடக்கிய ஏட்டை நாடோறும் விரித்து எழுதப் பழக்குதல் நம் கடமை. அதனை ஒரு பிள்ளைக்கும் மறாது செய்வாமாக.

திருச்சிற்றம்பலம்.