ரிட்டெய்னருக்கு வெந்நீர் வேண்டாம்

பல்லுக்குப் போட்ட கம்பியைக் கழற்றிய பிறகு, பற்கள் பழைய இடத்துக்கு நகராமல் காப்பது ரிட்டெய்னர். வாய்க்குள் போடுவதாயிற்றே, கொதிநீரில் போட்டால்தானே கிருமி சாகும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தெளிந்த பிளாஸ்டிக் வகையைச் சூட்டில் இளக்கித்தான் பல் அச்சின்மேல் படிய வைக்கிறார்கள். வெந்நீர் பட்டால் அது மறுபடி நெளியும், பிறகு பல்லில் பொருந்தாது. பல்லுக்கு நல்லதான பற்பசை இதற்கு ஆகாதா என்றும் கேட்கலாம். எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமானது, பற்பசையின் உராய்வைத் தாங்கும். பிளாஸ்டிக் கீறிப்போகும், அந்தக் கீறல்களில்தான் கிருமி தங்கும்.

ரிட்டெய்னரைக் கழற்றியவுடன், எச்சில் காய்வதற்குள், குளிர்ந்த நீரில் அலசி, மிருதுவான தனி பிரஷில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மெல்லத் தேய்த்து, நன்றாக அலசினால் போதும். பிளீச் வேண்டவே வேண்டாம், கம்பி வைத்த ரிட்டெய்னரானால் அந்தக் கம்பியை அரிக்கும். வெண்படிவு கல்லாய் இறுகியிருந்தால் சுரண்டாதீர்கள்; பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.