வீட்டு நெட் வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு: அப்டேட் இறங்காமல் இழுக்கும்போது

“நூறு எம்பி பிளான் போட்டிருக்கிறோம், பதினொன்றுதான் வருகிறது” என்பது வீட்டு இணைய வேலைக்கு வரும் இளம் டெக்னீஷியன் முதல் வாரத்திலேயே கேட்கக்கூடிய புகார். இதில் பழுது எதுவும் இல்லை. நிறுவனம் விற்பது நொடிக்கு 100 மெகாபிட். பிரவுசர் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் 100 மெகாபிட் 12.5 மெகாபைட் ஆகிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் தன் முகவரி விவரங்களையும் சுமந்து வருவதில் இருபதில் ஒரு பங்கு கழிகிறது. கைக்கு வருவது ஏறக்குறைய 11.8. அந்த வேகத்தில் 5 ஜிபி அப்டேட் ஏழு நிமிடத்தில் இறங்கிவிடும். இந்தக் கணக்கை வீட்டுக்காரர் முன்னால் துண்டுத் தாளில் போட்டுக் காட்டுவதும் வேலையில் சேர்த்திதான். விவரம் தெரியாதவருக்குச் சொல்லும் தொனி மட்டும் அதில் வரக் கூடாது.

கணக்கு சரியாக இருந்தும் வேகம் குறைவு என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது உண்மையிலேயே டவுன்லோடுதான் நடக்கிறதா என்பது. விண்டோஸ் அப்டேட் இறங்கி முடிந்த பிறகு பிரிந்து, சரிபார்க்கப்பட்டு, பழைய கோப்புகளின் இடத்தில் அமர வேண்டும். திரையில் ஓடும் சதவீதத்தைப் பார்ப்பவருக்கு எல்லாம் “இறங்குவது” போலவே தெரியும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலும் நெட்வொர்க் சுழியத்தை ஒட்டியும் இருந்தால் இணையத்துக்கும் தாமதத்துக்கும் தொடர்பில்லை. ஸ்டீமில் விளையாட்டுகளை இறக்குபவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நெட்வொர்க், டிஸ்க் இரண்டின் வேகத்தையும் அது தனித்தனியாகக் காட்டுகிறது. அங்கே தரவு சுருக்கப்பட்டு வருவதால் விரிக்க பிராசசர் வேண்டும். சிறிய திருத்தத்துக்குக்கூடப் பெரிய கோப்பு ஒன்றை முழுவதும் திருப்பி எழுத நேரலாம். பழைய ஹார்ட் டிஸ்க் ஓடும் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டால் தீரும் பிரச்சினைக்காக ரூட்டரைக் கழற்றுவது வீண்.

சில வேளை மந்தம் திட்டமிட்டே வைக்கப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே அப்டேட்டை ஏந்தி வரும் பின்னணிச் சேவை, மற்ற வேலைகள் போக மிஞ்சிய வேகத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10-இல் வந்த டெலிவரி ஆப்டிமைசேஷன் பக்கத்தில் வேக வரம்பு வைக்கவும் வழியுண்டு. எப்போதோ ஆன்லைன் வகுப்புக்காக வைத்த வரம்பு பல மாதங்கள் அப்படியே கிடக்கும். டேட்டாவை மிச்சப்படுத்தச் சொல்லும் மீட்டர்டு கனெக்ஷன் என்ற பொத்தானும் இதே வகை. இவற்றோடு, தாண்டினால் வேகம் குறைக்கப்படும் டேட்டா வரம்பான எஃப்யூபி அளவு பிளானில் தீர்ந்துவிட்டதா என்று வாடிக்கையாளரின் கணக்கில் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஏணி போட்டு ஏறி இறங்கிய பிறகு அதைக் கண்டுபிடிப்பதுதான் சங்கடம்.

இதற்கு மேல்தான் உண்மையான தேடல். வேகம் குறைவது பாதையின் எந்தத் துண்டில் என்று தெரியும்வரை எதையும் மாற்றக் கூடாது. வைஃபையை விட்டுவிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரோடு நேராக இணைத்து அளப்பது தொடக்கம். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள். கேபிளிலும் வராவிட்டால், ஃபைபர் வந்து முடியும் பெட்டியான ஓஎன்டி பக்கமோ அதற்கு அப்பாலோ. அளவை ஒருமுறை எடுத்து முடிவுக்கு வருவதும் தவறு. காலை ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை எழுதி வைக்க வேண்டும்.

கேபிளில் கிடைக்கும் எண்ணே பல நேரம் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். 300 பிளானில் வேகம் எப்போதும் 94, 95-இலேயே வந்து முட்டி நின்றால் எங்கோ ஒரு கண்ணி 100-இல் ஓடுகிறது என்று பொருள். கிகாபிட்டுக்கு லேன் கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும்; கிரிம்பிங் சரியில்லாமல் ஒன்று தொடாமல் போனாலும் இரு முனைகளும் பேசி 100-க்கு இறங்கிக்கொள்வதுண்டு. அப்போது இணைப்பு அறுந்துபோவதில்லை என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. விண்டோஸின் இணைப்பு விவரப் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு வரியைப் பார்த்தால் போதும். மலிவான பழைய ரூட்டர்களில் போர்ட்டே 100-க்கு மேல் போகாது. அங்கே கேபிளை மாற்றிப் பயனில்லை.

வைஃபையில் முதல் சந்தேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மீது. ஒன்றை ஒன்று தொடாத சேனல்கள் அதில் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடி வீட்டில் தேடினால் இருபது பெயர் வரும். அத்தனையும் இந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. ஒற்றை ஆன்டெனா உள்ள லேப்டாப் இதில் 72 மெகாபிட் இணைப்பு காட்டும். கைக்கு வருவது அதில் பாதியளவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டைக் கடந்தால் சோர்ந்துவிடும். ஃபைபர் எந்த ஓட்டை வழியாக வந்ததோ அங்கேயே ரூட்டரை அறைந்துவிட்டுப் போவது இந்தத் தொழிலில் ஊறிப்போன சோம்பல். டிவி அலமாரிக்குள்ளிருந்து நடுக்கூடத்துக்கு அதை நகர்த்துவது பல வீடுகளில் புதிய ரூட்டரைவிட நல்ல மருந்து. லேப்டாப்பில் செருகிய யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் 2.4 அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து வெளியிட்டது.

ஃபைபர் பக்கம் ஓஎன்டியில் பச்சை விளக்கு எரிவது மட்டும் போதாது. ஜிபான் என்ற ஃபைபர் வகையில் 2.488 கிகாபிட் ஒளிப்பாதை ஒன்றை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டை அடையும் ஒளியின் வலு வழக்கமான கருவிகளுக்கு -8 முதல் -27 டிபிஎம் வரைக்குள் இருக்க வேண்டும். ஓஎன்டியின் நிர்வாகப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். -27-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் கதவிடுக்கில் மடங்கிய வயரையோ அழுக்கேறிய கனெக்டரையோ தேட வேண்டும். ஒளி நன்றாக இருந்து இரவில் மட்டும் வேகம் விழுந்தால் நெரிசல் ஆபரேட்டர் பக்கம். அதை வீட்டுக்குள் சரிசெய்ய முடியாது. கேபிளில் எடுத்த அளவு, நேரம், ஒளி வலு மூன்றையும் எழுதிக் கொடுத்தால் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம்.

குறைவாகப் பேசப்படும் காரணம் அப்லோடு. சிசிடிவி கேமரா கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டிலுள்ள போன்கள் கல்யாணப் படங்களை ஏற்றிக்கொண்டிருக்கும். டவுன்லோடு நடக்கும்போது, வந்து சேர்ந்த தரவுக்கு ஒப்புகைப் பாக்கெட்டுகள் திரும்பிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அவை ரூட்டரின் நீண்ட வரிசையில் சிக்கினால் அனுப்புபவர் தயங்குகிறார். 10 மில்லிசெகண்டில் வரும் பிங், அப்லோடு நடக்கையில் 500-க்குத் தாவுகிறதா என்று பார்த்தால் இது பிடிபடும். ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் பஃபர்புளோட் என்று பெயரிட்டு எச்சரித்தது இதைத்தான். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் தந்த, அந்த வரிசையைச் சுருக்கும் கோடெல் முறையும் அதன் வழி வந்தவையும் ஓபன்டபிள்யூஆர்டி போன்ற ரூட்டர் மென்பொருளில் கிடைக்கின்றன. ரூட்டரில் வேக வரம்பை லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால்தான் அவை வேலை செய்யும்.

அதே ஜேக்கப்சன் இன்னொரு இடத்திலும் நினைவில் இருக்க வேண்டியவர். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. அவர் 1988-இல் வெளியிட்ட தீர்வின்படி, பாக்கெட் தொலைந்தால், தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபி அதை நெரிசல் என்று கொண்டு வேகத்தைக் குறைக்கிறது. நெரிசலே இல்லாமல் தளர்ந்த கனெக்டரால் பாக்கெட் தொலைந்தாலும் பழைய வகை டிசிபி அப்படித்தான் பின்வாங்கும். லைனில் இடமிருந்தும் டவுன்லோடு நொண்டுவதற்குக் காரணம் அது.

ஸ்பீடு டெஸ்ட் பிரமாதம், அப்டேட் மட்டும் ஊர்கிறது என்பது இன்னொரு வகை. ஸ்பீடு டெஸ்ட் பக்கத்து ஊர் சர்வரோடு பல இணைப்புகளை ஒரே சமயத்தில் திறந்து அளக்கிறது. அப்டேட் எங்கிருந்து வருகிறது என்பது, பெயரைச் சர்வர் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் தரும் பதிலைப் பொறுத்தது. டிஎன்எஸ்ஸை மாற்றிவைத்திருந்தால் தொலைவிலுள்ள சர்வர் அமையலாம்; இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில் ஒருமுறை ஓட்டி ஒப்பிட வேண்டும். விபிஎன் ஓடினால் நிறுத்தியும், ஸ்டீமில் டவுன்லோடு ரீஜியனை அருகிலுள்ள ஊருக்கு மாற்றியும் பார்க்கலாம். தொலைவு ஏன் உறுத்துகிறது என்றால், ஒப்புகை வருமுன் 64 கேபி மட்டுமே அனுப்பலாம் என்ற பழைய வரம்பில், போய்வர 200 மில்லிசெகண்ட் ஆகும் பாதையில் எந்த லைனிலும் ஓர் இணைப்புக்கு நொடிக்கு 2.6 மெகாபிட்டுக்கு மேல் வராது. விஸ்டா முதல் விண்டோஸ் இந்த அளவைத் தானே கூட்டிக்கொள்கிறது. “ஸ்பீடு பூஸ்டர்” என்று விற்கப்படும் சில மென்பொருள்கள் அந்த வசதியை அணைத்துவிடுவதுண்டு. அவற்றை நீக்கி, டிசிபி அமைப்பை இயல்புக்குத் திருப்ப வேண்டும்.

அப்டேட் கோப்புறையை அழிப்பது எல்லாரும் முதலில் செய்யும் வைத்தியம். ஒரே சதவீதத்தில் நாள் கணக்கில் நின்றுவிட்ட அப்டேட்டுக்கு அது சரி. மெதுவாக நகர்வதை அழித்தால் இறங்கியது அத்தனையும் மறுபடி இறங்க வேண்டும். ரூட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்யுமுன், அது இணைய நிறுவனத்தோடு இணையப் பயன்படுத்தும் பிபிபிஓஇ பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மந்தமான நெட்டும் போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் லைனே சிறியது என்றால் நேரத்தை மாற்றலாம். மைக்ரோசாஃப்ட் மாத அப்டேட்டை இரண்டாம் செவ்வாய் வெளியிடுகிறது; இந்தியாவில் அப்போது இரவு 10.30 அல்லது 11.30. மறுநாள் அதிகாலைக்கு ஒதுக்கிவைத்தால் வீட்டில் யாருக்கும் இடைஞ்சலில்லை. கணினிகள் பல இருந்தால் டெலிவரி ஆப்டிமைசேஷனில் உள்ளூர் நெட்வொர்க் பகிர்வை இயக்கலாம். ஒன்று இறக்கியதை மற்றவை வீட்டுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். மேக் கணினியில் 2017-இன் ஹை சியராவிலிருந்து கன்டென்ட் கேஷிங் உண்டு. ஐபோன் அப்டேட்டுகளையும் அது சேமித்துத் தரும்.