காலத்திற்கும் கணக்கு உண்டு

செல்வத்திற்குக் கணக்கு எழுதாத வணிகர் இல்லை. நாள் முடிவில் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் எழுதிய பின்னரே அவர் பேரேட்டை மூடுகிறார். ஆயின் அந்நாளின் 24 மணி நேரம் எவ்வாறு சென்றது என்று எழுதிப் பார்ப்பவர் மிகச் சிலரே. இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். இழந்த பொழுதை மீட்க வழியே இல்லை. ஆகவே இல்லறத்தில் இருந்துகொண்டே தொழிலும் செய்து, குறிக்கோளையும் அடைய விரும்புவோர் காலத்தை அளந்து செலவிடக் கற்றல் வேண்டும்.

இருவகை உழைப்பு

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் இருவகை உழைப்பாளர்களைக் காண்கிறோம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் வீட்டிலேயே தறி வைத்து நெசவு செய்வோர் ஒரு வகையினர். திருத்தணி சென்று இரயிலேறித் திருவள்ளூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பெற்று அங்கேயே அறை எடுத்துத் தங்குவோரும் மற்றொரு வகையினர்.

ஆலைத் தொழிலாளிக்குச் சங்கு ஊதி ஷிப்ட் தொடங்குகிறது. சங்கு ஊதி முடிகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், வாரத்திற்கு 48 மணி நேரம், நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காது அரைமணி நேரமேனும் ஓய்வு தருதல் வேண்டும் என்றும் அது விதித்தது. வீட்டுத் தறிக்கோ சங்கும் இல்லை, எல்லையும் இல்லை. நெய்த அளவிற்கே கூலி என்பதால் தறி ஓடும் நேரமெல்லாம் வேலை நேரமாகிவிடுகிறது. தார் சுற்றும் மனைவியின் நேரமும், பள்ளி விட்டு வந்து உதவும் பிள்ளையின் நேரமும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

முன்னோர் வகுத்த அளவு

நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். இரு நாழிகை கொண்டது ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். ஒரு நாளில் 30 முகூர்த்தங்கள் உள்ளன. சாமாயிகத்திற்கு இந்த இரு நாழிகை அளவைக் கொள்வது நம்மிடையே வழக்கம்.

நாள்தோறும் 48 நிமிடம் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஓர் ஆண்டில் அது 292 மணி நேரமாகிறது. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை எனக் கொண்டால் 36 நாட்களுக்கும் மேற்பட்ட உழைப்பிற்கு அது ஈடு. ஒரு மொழியைக் கற்கவும், ஒரு தேர்விற்குப் படிக்கவும், ஒரு நூலை ஆழ்ந்து பயிலவும் இது போதுமான காலம் அன்றோ?

வாரக் கணக்கு

வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. ஆலைத் தொழிலாளி ஒருவரின் வேலைக்கு 48, ஆறு நாள் போக்குவரவிற்கு 12, உறக்கத்திற்கு 56, குளியல், உணவு, வீட்டுப் பணிகளுக்கு 21 என ஒதுக்குவோம். மொத்தம் 137. எஞ்சுவது 31. இதில் நாள்தோறும் ஒரு முகூர்த்தம் சாமாயிகத்திற்கும், மற்றொரு முகூர்த்தம் கல்விக்கும் தந்தால் 11 மணி 12 நிமிடம் செல்லும். அதன் பின்னரும் குடும்பத்துடன் அமர ஏறக்குறைய 20 மணி நேரம் இருக்கிறது.

நேரமே இல்லை என்று கூறுமுன் இக்கணக்கை ஒருமுறை எழுதிப் பார்த்தல் நலம். எழுதிய பின்னும் எஞ்சுவது ஒன்றும் இல்லையெனில் அது அவருடைய சோம்பலால் அன்று, கூலியின் குறைவால். நாளெல்லாம் தறி ஓட்டியும் வயிறு நிரம்பாதவரிடம் காலத்தைப் பேணுக என உபதேசிப்பது அறமாகாது.

நியமம் என்னும் வழி

சிராவக ஒழுக்கத்தில் யமம், நியமம் என இருவகை உறுதிகள் கூறப்படுகின்றன. வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். இன்று, இவ்விரவு, ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம், ஓர் அயனம் எனக் கால எல்லை குறித்து ஏற்பது நியமம். குறிக்கோளை அடைய விரும்புவோர்க்கு இம்முறை பெரிதும் பயன்படும். ‘நன்றாகப் படிப்பேன்’ என்பது வெறும் விருப்பமே. ‘இப்பக்கம் முடியும் வரை நாள்தோறும் ஒரு முகூர்த்தம் படிப்பேன்’ என்பது நியமம். எல்லை சிறிதாயின் காத்தல் எளிது. காத்தபின் அடுத்த எல்லையை நீட்டுதலும் எளிது.

இரவுண்ணாமையைக் கைக்கொள்ளும் குடும்பங்களைக் காண்க. கதிரவன் மறையுமுன் உண்ண வேண்டுமெனில் சமையல் முதலிய மாலைப் பணிகள் தாமாகவே ஓர் ஒழுங்கிற்கு வந்துவிடுகின்றன. ஒரு நியமம் நாள் முழுவதையும் சீராக்குவதற்கு இதுவே சான்று.

பயனற்ற செயல்களை விலக்கும் அனர்த்த தண்ட விரதமும் இங்கு நினைக்கத்தக்கது. நோக்கமின்றி நிலத்தைத் தோண்டுதலும் நீரைச் சிந்துதலும் அதனுள் விலக்கப்படும் கவனமற்ற செயல்கள். இன்று நோக்கமின்றிக் கைப்பேசியைத் தடவிக்கொண்டு கழிக்கும் இரவுகளையும் அவ்வரிசையில் சேர்க்கலாம்.

பிறர் காலம்

எனக்கு இப்பாடத்தைக் கற்பித்தவர் ஒரு முதிய நெசவாளர். பல ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்தில் துணிக் கொள்முதல் செய்து வந்தேன். ஒரு சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கூலி தருவதாகக் கூறியிருந்தேன். வேறோர் ஊரில் உறவினர் வீட்டில் பேசியிருந்துவிட்டுப் பிற்பகல் 2 மணிக்கே வந்தேன். திண்ணையில் ஒன்பது பேர் காத்திருந்தனர். கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, “ஒரு காசும் குறையவில்லையே?” என்று பெருமையுடன் கேட்டேன்.

அம்முதியவர் சினமின்றிக் கூறினார்: “பணம் சரியாக இருக்கிறது ஐயா. நின்ற தறிக்குத்தான் கூலி இல்லை.”

ஒன்பது பேர், நான்கு மணி நேரம். 36 மணி நேர உழைப்பை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறர் பொருளைத் தொடாதவன் என்று நம்பி வந்த எனக்கு, கள்ளாமை என்னும் அணுவிரதம் அன்றுதான் விளங்கியது. அதன்பின் குறித்த நேரத்திற்கு முன்னரே சென்று நானே திண்ணையில் காத்திருக்கப் பழகினேன். எனினும் அந்த 36 மணி நேரத்தை அவர்களுக்குத் திருப்பித் தர என்னால் இயலவில்லை.

பயிற்சி

1. வரும் ஒரு வாரத்திற்கு, இரவு உறங்குமுன் அன்றைய நேரச் செலவை எழுதுக. 168 மணி நேரமும் கணக்கில் வருகிறதா எனச் சரிபார்க்க.

2. தொழிலுக்கு ஒன்று, தன் முன்னேற்றத்திற்கு ஒன்று என இரண்டு குறிக்கோள்களை மட்டும் தேர்ந்து, ஒரு பக்க எல்லையில் நியமம் ஏற்க. தவறிய நாளை மறைக்காது குறித்து வைக்க.

3. இவ்வாரம் உம்மால் காத்திருக்க நேர்ந்தவர் எவரெவர் என எண்ணுக. மனைவியையும் மக்களையும் அப்பட்டியலில் சேர்க்க மறவாதீர்.

தம் பொழுதைக் காப்பவர் தம் குறிக்கோளை அடைவர். பிறர் பொழுதையும் காப்பவர் அறத்தையும் அடைவர். இரண்டையும் நாம் இன்றே தொடங்குவோமாக.