காட்டாற்றில் காயக் பந்தயம்: புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையேறுவதுதான் வழக்கம். கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரியில் மட்டும், தென்மேற்குப் பருவமழை வலுத்து ஆறு கரையைத் தொட்டதும் படகுகளை இறக்குகிறார்கள். சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் 2013-இல் தொடங்கிய மலபார் ரிவர் ஃபெஸ்டிவலுக்குப் பல நாடுகளிலிருந்து காயக் வீரர்கள் வருகிறார்கள். வெல்பவர்களுக்கு ‘ரேப்பிட் ராஜா’, ‘ரேப்பிட் ராணி’ என்று பட்டம். கோவையிலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்விடக்கூடிய இடம் என்பதால், அங்கே கரையில் நின்று பார்த்துவிட்டு ‘நாமும் இறங்கினால் என்ன’ என்று கேட்கும் தமிழ் இளைஞர்கள் உண்டு. இந்த வழிகாட்டி அவர்களுக்கானது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் வேகம் கடைசிப் பாடம். கவிழ்ந்த படகை நிமிர்த்துவதுதான் முதல் பாடம். வரிசையை மாற்றிப் படிக்க நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

எந்தப் பந்தயம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காட்டாற்றுக் காயக் என்ற பெயரில் பல போட்டிகள் நடக்கின்றன. ஸ்லாலம் போட்டியில் ஒவ்வொருவராக இறங்குவார்கள். ஆற்றின் மேல் தொங்கும் 18 முதல் 25 வாயில்களை வரிசை மாறாமல் கடக்க வேண்டும். பச்சை-வெள்ளைக் கம்பிகள் கொண்ட வாயில்களை ஓட்டத்தோடு கடக்க வேண்டும். சிவப்பு-வெள்ளைக் கம்பிகள் கொண்டவற்றை நீரோட்டத்தை எதிர்த்து ஏறிக் கடக்க வேண்டும். கம்பியைத் தொட்டால் 2 விநாடி, வாயிலை விட்டுவிட்டால் 50 விநாடி உங்கள் நேரத்தோடு கூடும். டவுன் ரிவர் பந்தயம் எளிய கணக்கு: மேலேயிருந்து கீழே, குறைந்த நேரம். போட்டர்கிராஸில் நாலைந்து பேர் ஒன்றாகப் பாய்வார்கள், முட்டலும் மோதலும் உண்டு.

அந்த முட்டலுக்கு விதிகள் வகுத்து ஒலிம்பிக்குக் கொண்டுவந்த வடிவம்தான் காயக் கிராஸ். 2024 பாரிஸில் அது முதல்முறையாக இடம்பெற்றது. நான்கு பேர் நீருக்கு மேலே உயரத்தில் உள்ள சாய்தளத்திலிருந்து படகோடு குதித்து, மிதவைகளைச் சுற்றி வந்து, குறித்த இடத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து ஒரு முழுச் சுற்று நிமிர்ந்து எழ வேண்டும். ஆண்களில் நியூசிலாந்தின் ஃபின் பட்சரும், பெண்களில் ஆஸ்திரேலியாவின் நோமி ஃபாக்ஸும் முதல் தங்கத்தை வென்றார்கள். அதே பாரிஸில் ஸ்லாலம் பிரிவில் இரண்டு தங்கம் வென்ற ஜெசிகா ஃபாக்ஸ், நோமியின் அக்கா.

இவற்றுக்கும் மேலே ஒரு வகை உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1996-இல் தொடங்கிய கிரீன் ரேஸ், ஆஸ்திரியாவின் ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கில் நடந்த சிக்லைன் போன்றவை. கிரீன் ரேஸ் பாதையில் புகழ்பெற்றது ‘கொரில்லா’ என்ற வீழ்ச்சி. அதைப் பார்க்கவே கூட்டம் காட்டு வழியில் நடந்து போனதுண்டு. வீடியோவில் பார்த்து மயங்குவது பெரும்பாலும் இந்த வகையைத்தான். ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கான இடம் அது. உங்கள் முதல் இலக்கு ஸ்லாலமோ, எளிய ஆற்றில் நடக்கும் டவுன் ரிவரோ ஆக இருக்கட்டும்.

படி 1: நீரைப் படியுங்கள்

ஆற்றின் கடுமையை உலகெங்கும் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று, சலசலக்கும் நீர். மூன்று, ஒழுங்கில்லாத அலைகளும் திருப்பங்களும். ஐந்தில் தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆறாம் தரம் கடக்க முடியாதது என்று கொள்ளலாம். இதில் மறக்கக் கூடாத விஷயம், தரம் ஆற்றுக்கு நிரந்தரமாக எழுதி வைத்ததல்ல. காலையில் மூன்றாக இருந்த இடம் மலையில் இரண்டு மணி நேரம் மழை பெய்தால் மதியம் நான்காகிவிடும்.

கொங்குக் கிணறுகளில் குதித்து நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிணற்று நீர் உங்களை இழுக்காது. ஓடும் நீர் இழுக்கும். நம் ஊர்த் தடுப்பணைகளில் ஆண்டுதோறும் நல்ல நீச்சல்காரர்களே மாண்டுபோகிறார்கள். காரணம் எளிது. அணையைத் தாண்டி விழும் நீர் அடிக்குப் போகிறது, மேற்பரப்பு நீர் அணையை நோக்கியே திரும்புகிறது. விழுந்தவர் வெளியே வர நீந்த நீந்த, அந்தத் திரும்பும் நீர் அவரைச் சுவரடிக்கே கொண்டுவரும். காட்டாற்றில் பாறை மேலிருந்து நீர் விழும் இடத்திலும் இதுவே நடக்கிறது. வீரர்கள் இதை ‘ஹோல்’ என்பார்கள். இயற்கையான ஹோலில் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு வாசல் இருக்கும். கரையிலிருந்து கரை வரை நேர்கோட்டில் கட்டிய தடுப்பணையில் அதுவும் இருக்காது. எனவே தடுப்பணையில் ஒருபோதும் பழகாதீர்கள், தண்ணீர் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும்.

இதைவிட மோசம் நீரில் சாய்ந்து கிடக்கும் மரங்கள். சல்லடை போல நீர் கடந்துவிடும், ஆள் கடக்க மாட்டார். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் நேற்று இல்லாத மரம் இன்று கிடக்கும்.

படி 2: கவிழக் கற்றுக்கொள்ளுங்கள்

இடுப்பைச் சுற்றி ஸ்கர்ட் மாட்டி, படகின் வாயை இறுக்கி மூடிவிட்டு உட்காருகிறீர்கள். கவிழ்ந்தால் தலை கீழே, கால் மேலே. புதியவர்களில் பலர் விட்டுவிட்டுப் போவது இந்தப் பயத்தில்தான். அதனால் துடுப்பு பிடிக்கும் முன்பே, நெஞ்சளவு ஆழமுள்ள நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழுங்கள். முன்னால் குனியுங்கள், ஸ்கர்ட்டின் முன்வளையத்தைப் பிடித்து முன்னோக்கி இழுங்கள், இடுப்பைத் தள்ளி வெளியே வாருங்கள். அந்த வளையம் உள்ளே மடிந்து மாட்டிக்கொள்ளாமல் வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். பல ஆண்டு அனுபவசாலிகளும் இதைச் செய்கிறார்கள்.

பயம் போன பிறகு ரோல். படகை நிமிர்த்துவது கைபலம் அல்ல, இடுப்பு. துடுப்பு நீரின் மேற்பரப்பில் ஒரு பிடிமானம் மட்டும் தருகிறது. இடுப்பைச் சுண்டித் திருப்பும்போது படகு உருள்கிறது. இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று: மூச்சுக்காகத் தலையை முதலில் தூக்குவது. தலையைத் தூக்கினால் உடல் எதிர்ப்பக்கம் வளைந்து, பாதி நிமிர்ந்த படகு மறுபடி கவிழும். தலை கடைசியில்தான் வெளிவர வேண்டும். காது தோளில் ஒட்டியிருக்கட்டும், கண் துடுப்பின் அலகைப் பார்க்கட்டும்.

நீருக்குள் இருக்கும்போது மல்லாந்து கிடக்காதீர்கள்; முகம் பாறையில் மோதும். படகின் மேல்தளத்தில் நெற்றி படும்படி குனிந்திருந்தால் ஹெல்மெட்டும் முதுகுப்புற மிதவை அங்கியும் அடியைத் தாங்கும். குளத்தில் இரண்டு பக்கமும் ரோல் வந்த பின் எளிய ஆற்றில் பழகுங்கள். குளத்தில் பத்துக்குப் பத்து வரும் ரோல், குளிர்ந்த ஓடும் நீரில் பாதியாகக் குறைவது சகஜம். ஆற்றில் நம்பகமாக வரும் வரை போட்டிப் பேச்சே வேண்டாம்.

படி 3: பொருட்கள்

சொந்தமாகப் படகு வாங்க அவசரப்படாதீர்கள். பயிற்சி மையப் படகுகளில் முதல் பருவத்தை ஓட்டுங்கள். ஆனால் ஹெல்மெட்டும் மிதவை அங்கியும் உங்கள் அளவுக்குச் சொந்தமாக இருப்பது நல்லது. அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கினால் அது காதுவரை வரக் கூடாது. சுற்றுலாப் படகில் தரும் ஆரஞ்சு அங்கி இதற்கு உதவாது. காலைக் கவ்வும் காலணி, விசில், நீரில் விழுந்தவருக்கு எறியும் கயிற்றுப் பை இருந்தால் போதும். படகின் உள்ளே காற்றுப்பைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீர் நிரம்பிய படகை யாராலும் இழுக்க முடியாது.

படி 4: பந்தயத்தை வெல்லும் வித்தைகள்

பாறைக்குப் பின்னால் நீர் அமைதியாக, சில சமயம் மேல்நோக்கியே நகரும். அதுதான் எடி. ஓட்டத்திலிருந்து எடிக்குள் திரும்புவது, எடியிலிருந்து மறுபடி ஓட்டத்தில் சேர்வது, ஓட்டத்துக்குக் குறுக்கே கீழே நழுவாமல் மறுகரை சேர்வது ஆகிய மூன்றையும் ஆயிரம் முறை செய்யுங்கள். எதிரோட்ட வாயில்கள் பெரும்பாலும் எடிகளில்தான் வைக்கப்படும். போட்டியில் விநாடிகள் கரைவதும் அங்கேதான். நேர் ஓட்டத்தில் வேகமாகத் துடுப்பு போடுபவரைவிட, எடிக்குள் ஒரே வீச்சில் திரும்பி வெளியேறுபவர் முந்துவார்.

ஓட்டத்தில் நுழையும்போது படகை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது அடிப்படை. நீர் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தப் பக்கம் சாயுங்கள், சைக்கிளை வளைவில் சாய்ப்பது போல. மறுபக்கம் சாய்ந்தால் விளிம்பில் நீர் ஏறி நொடியில் கவிழ்த்துவிடும்.

படி 5: மீட்கப் பழகுங்கள்

மீட்புப் பயிற்சி இல்லாதவரோடு ஆற்றில் இறங்காதீர்கள், நீங்களும் அப்படி ஒருவராக இருக்காதீர்கள். படகை விட்டு நீந்த நேர்ந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேல் தெரிய மிதந்து வாருங்கள். வேகமான நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் முழங்கால் ஆழமே உயிரைக் குடிக்கும். சாய்ந்த மரம் எதிரே வந்தால் மட்டும் விதி மாறும்: குப்புறத் திரும்பி வேகமாக நீந்தி, அதன் மேல் ஏறிவிட வேண்டும்.

சைகைகள்: துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் ‘வரலாம்’, கிடைமட்டமாகத் தூக்கினால் ‘நில்’. மூன்று விசில், ஆபத்து.

எங்கே பழகுவது

கங்கைக் கரையில் ரிஷிகேஷ் இந்தியாவின் பழைய பயிற்சிக் களம். பருவமழை மாதங்களில் அங்கே படகோட்டம் நிறுத்தப்படும். அக்டோபருக்கு மேல் போங்கள். ஸ்லாலம்தான் வேண்டும் என்றால் மத்தியப் பிரதேசத்தில் மகேஷ்வர் அருகே நர்மதையின் சகஸ்ரதாராவைப் பாருங்கள். கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் ஸ்லாலம் 2023-இல் அங்கேதான் நடந்தது. கேரள ஆறுகள் மழைக்காலத்தில் மட்டும். பாறை நெருக்கம், நீர் ஏற்ற இறக்கம் இரண்டும் அதிகம். இலங்கைத் தமிழர்களுக்குக் களனி ஆற்றின் கித்துல்கல பக்கம்.

போட்டி நாளில்

முதல் நாளே பாதை முழுவதையும் கரையில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ‘இங்கே தவறினால் எங்கே போய்ச் சேர்வேன்’ என்று கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் படகைத் தூக்கிக்கொண்டு நடந்து கடந்துவிடுங்கள். உலகச் சாம்பியன்களும் அப்படி நடக்கிறார்கள்.

மலையில் மேகத்தைக் கவனியுங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த நிலச்சரிவு சரிந்திறங்கியது, கோடஞ்சேரி ஆறுகளுக்கு நீர் தரும் அதே வெள்ளரிமலைத் தொடரிலிருந்துதான். மாவட்ட நிர்வாகம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் வாதாட வேண்டாம். இன்னொன்று, எலிக்காய்ச்சல். கேரள மழைக்காலத்தில் சிராய்ப்புள்ள காலோடு ஆற்று நீரில் இறங்குபவர்களுக்கு அது நிஜமான ஆபத்து. தடுப்பு மாத்திரை பற்றிப் போகும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதைச் சொல்ல மறக்காதீர்கள்.

முதல் ஆண்டு போட்டியாளராகப் பதிவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. மீட்புப் பயிற்சி முடித்துவிட்டு, விழாக் குழுவிடம் கேட்டுத் தன்னார்வலராகப் போங்கள். கயிற்றுப் பையோடு கரையில் நின்றால், யார் எந்தத் திருப்பத்தில் ஏன் கவிழ்கிறார்கள் என்பது இரண்டு நாளில் புரிந்துவிடும். அடுத்த ஆண்டு இறங்குங்கள். கடைசியாக வந்தாலும் எல்லா வாயில்களையும் கடந்து வாருங்கள்.