ராட்சதச் சிப்பி வளர்ப்போருக்கு 12 குறிப்புகள்

பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் ராட்சதச் சிப்பியின் மீது ஆசை வரும். ஓட்டுக்கு வெளியே விரியும் அதன் நீல, பச்சைச் சதை அப்படிக் கண்ணைப் பறிக்கும். ஆனால் பசித்தாலும் நோய் வந்தாலும் அது இருந்த இடத்திலேயேதான் கிடக்கும்; என்ன குறை என்பதை நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

1. முதலில் சட்டம். மாக்சிமா, ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் ஆகிய ராட்சதச் சிப்பி இனங்கள் இந்திய வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் (1972) முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றை இங்கே வீட்டில் வளர்க்க முடியாது. பிற நாடுகளில் இருப்பவர்கள், வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி ஆவணத்தோடு வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்ததைவிட, பலாவு போன்ற தீவுகளின் பண்ணைகளில் வளர்ந்ததே நல்லது.

2. புதியவர்களுக்கு டெராசா, ஸ்குவாமோசா இனங்கள் ஏற்றவை. டெராசா 60 செ.மீ. வரை வளரக்கூடியது என்பதால் தொட்டி பெரிதாக இருக்கட்டும். குரோசியா சுமார் 15 செ.மீ.தான், ஆனால் வெளிச்சம் மிக அதிகம் கேட்கும். ஜைகாஸ் ஒரு மீட்டரைத் தாண்டி, 200 கிலோவுக்கு மேலும் வளரும். வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

3. கடையில் சிப்பிக்கு மேல் கையால் நிழல் விழச் செய்யுங்கள். சதையின் ஓரத்தில் உள்ள நூற்றுக்கணக்கான நுண்கண்கள் அதை உணர்ந்து, ஆரோக்கியமான சிப்பி சட்டென்று சுருங்கும். அசையாமல் கிடப்பதையும், நடுத்துளை அகலமாகப் பிளந்து நிற்பதையும் வாங்காதீர்கள். 5 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சுகளைத் தேற்றுவது கடினம்.

4. புதுத் தொட்டியில் விடாதீர்கள். ஆறு மாதமாவது ஓடி, நீரின் அளவுகள் நிலைப்பட்ட பிறகு கொண்டுவாருங்கள்.

5. வீட்டுக்கு வந்ததும் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒரு மணி நேரம் பழக்குங்கள். கூடியவரை நீருக்குள்ளேயே வைத்து இடம் மாற்றுங்கள். வெளியே எடுக்க நேர்ந்தால், மறுபடி நீரில் அமிழ்த்தியதும் மெல்லச் சாய்த்து உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள்.

6. சிப்பியின் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் உணவு தயாரித்து அதற்கும் கொடுக்கின்றன. எனவே விளக்குதான் பிரதான சாப்பாடு. மேலிருந்து நேராக விழும் வலுவான பவள விளக்கு தேவை. புதிதாக வந்ததற்கு ஒரேயடியாக முழு வெளிச்சம் காட்டாமல், இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

7. டெராசா, ஸ்குவாமோசாவை மணலில் வைக்கலாம். மாக்சிமா, குரோசியா இரண்டும் பாறையைப் பற்றி வாழ்பவை. அடிப்பக்கத்து நாரிழைகளால் ஒட்டிக்கொண்ட பிறகு இழுத்துப் பிடுங்கினால் உள்ளுறுப்பு கிழிந்து செத்துவிடும். நகர்த்தியே ஆக வேண்டுமானால் பாறையோடு சேர்த்து நகர்த்துங்கள். நீரோட்டம் மிதமாக இருக்கட்டும். பம்ப்பின் நேர்வீச்சில் வைக்காதீர்கள்.

8. வெப்பம் 25–27 டிகிரி செல்சியஸ், உப்பு அடர்த்தி 1.025–1.026, கால்சியம் 400–450 பி.பி.எம்., காரத்தன்மை 8–10 டி.கே.எச். என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு வளர வளர கால்சியமும் காரத்தன்மையும் குறையும். வாரம் ஒருமுறை சோதித்து ஈடுகட்டுங்கள். ஓட்டின் விளிம்பில் புது வெள்ளைக் கோடு தெரிந்தால் வளர்கிறது என்று அர்த்தம்.

9. நைட்ரேட்டை அடியோடு நீக்கிவிடாதீர்கள். மீன்கழிவில் வரும் நைட்ரஜன் நுண்பாசிகளுக்குத் தேவை. தொட்டியில் மீன்கள் இருந்தால் பெரிய சிப்பிக்குத் தனித் தீனி பெரும்பாலும் வேண்டாம். சிறியவற்றுக்கு மட்டும் நுண்பாசித் திரவம் கொடுக்கலாம்.

10. குட்டை ஏஞ்சல், பட்டர்ஃபிளை, டிரிகர் மீன்கள் சதையைக் கொத்தும். கொட்டும் பவளங்களையும் கடல் அனிமோன்களையும் எட்டவே வையுங்கள்.

11. அரிசிமணி அளவிலான வெள்ளை நத்தைகள் இரவில் வந்து சாறு உறிஞ்சும். விளக்கணைந்த பின் டார்ச் அடித்து ஓட்டின் ஓரத்தையும் அடியையும் பாருங்கள். இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நத்தைகளையும், ஜெல்லி போன்ற முட்டைத் திட்டுகளையும் தேய்த்து எடுங்கள். முட்டைகள் தப்பியிருக்கக்கூடும் என்பதால் சில வாரங்கள் தொடருங்கள்.

12. தாமிரம் கலந்த மீன் மருந்தைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. சிப்பிக்கு அது விஷம். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். உப்பு கலக்க ஆர்.ஓ. நீரையே பயன்படுத்துங்கள். சிப்பி இறந்துவிட்டால் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். அழுகினால் தொட்டி நீர் முழுவதும் கெட்டு மற்ற உயிர்களும் போய்விடும்.