டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு

மோட்டார் வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் டயரினுள் அடைபட்ட காற்றேயாகும். காற்று குறையுமாயின், டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி நிமிரும். அதனால் உஷ்ணம் பெருகி, டயர் வெடிக்கவுங் கூடும்.

இவ்வபாயத்தை முன்னறிவிப்பதே ஓட்டுநரின் எதிரே எரியும் மஞ்சள் விளக்கு. அழுத்தம் கால் பங்கு குறைந்தால் அது எரிந்தாக வேண்டும் என்பது அமெரிக்க நாட்டு விதி. அதாவது, சதுர அங்குலத்திற்கு 32 பவுண்டு இருக்கவேண்டிய அழுத்தம் 24 ஆன பின்னரே விளக்கு எரியினும் விதி நிறைவேறியதாகும்.

விளக்கு எரியக் கண்டதும் பிரேக்கைத் திடீரென மிதித்தலாகாது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பற்றி, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, போக்குவரத்திற்கு அப்பால் சமதரையில் நிறுத்துதல் வேண்டும். டயர் தட்டையாயிருப்பின் அதனை மாற்றாமல் ஓட்டலாகாது. இல்லையேல், அண்மையில் காற்று நிரப்புமிடத்திற்கு மெதுவாகச் செல்லலாம்.

கதவருகே ஒட்டிய சீட்டிற் குறித்துள்ள அளவு குளிர்ந்த டயருக்குரியது. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் மிகுந்து காணப்படும். அதுகண்டு காற்றை வெளிவிடுதல் தவறு. வண்டி 3 மணி நேரம் நின்றபின் மீண்டும் அளத்தல் நன்று.

விளக்கு எரியாமையே டயர் நலத்திற்குச் சான்றாகாது. ஆதலின், மாதம் ஒரு முறையேனும் அழுத்தமானியால் அளந்தறிதல் அவசியம்.