வேகத்தடையில் ஊர்வதற்கும் அளவு உண்டு

வேகத்தடையைக் கண்டதும் முன்னால் போகும் கார் ஏறக்குறைய நின்றே விடுகிறது. பின்னால் வருகிறவர்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கென்றே வகுத்தது இது. அங்கே நடக்கும் வேகத்துக்கு இறங்கத் தேவையே இல்லை.

மேட்டுக்கு முன்பே பிரேக் பிடித்து, இரண்டாம் கியருக்கு மாற்றி, முன்சக்கரம் ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். ஏறும்போதும் அழுத்திக்கொண்டே இருந்தால் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து குலுக்கல்தான் கூடும். அடிப்பாகம் தட்டுமென்று சிலர் குறுக்காக ஏற்றுகிறார்கள். பக்கத்தில் வரும் பைக்குக்கு அது ஆபத்து.

பின்னால் வருபவர் நீங்களென்றால் இடைவெளி விடுங்கள். ஹாரன் வேண்டாம். அந்தக் காரில் கர்ப்பிணியோ, முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்தவரோ இருக்கலாம்.

தெருக்காரர்களே சிமென்ட் பூசி எழுப்பிய கூரான மேடுகள் வேறு கதை. அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும். வண்ணப் பட்டையும், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத மேட்டைப் படமெடுத்து ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நெடுஞ்சாலையென்றால் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில்.